ஏம்ஸ் டெஸ்ட் நெகடிவ் என்றால் புற்றுநோய் வராது என்று அர்த்தமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய 68 வயது அம்மா மூட்டுவலிக்கு ஒரு மூலிகைப் பொடி சாப்பிட்டு வருகிறார். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு கடையில் வாங்கியது. விற்றவர் ஓர் ஆய்வக ரிப்போர்ட்டின் நகலைக் காட்டினாராம். அதில் ‘ஏம்ஸ் டெஸ்ட் நெகடிவ்’ என்றும் ‘காமெட் டெஸ்டில் டிஎன்ஏவைப் பாதுகாக்கிறது’ என்றும் போட்டிருக்கிறது. அப்படியானால் இந்தப் பொடியால் புற்றுநோய் வராதா? கோலாலம்பூரில் ஓர் இடத்தில் 900 வெள்ளிக்கு (ரிங்கிட்) ரத்தம் எடுத்து டிஎன்ஏ சேதம் பார்க்கிறார்களாம், அம்மாவுக்கும் பார்த்துவிடலாமா? கடைசியில் ஒரு வரி: ‘வெற்றிலை போடுவதைத் தவிர அம்மாவுக்கு வேறு எந்தப் பழக்கமும் கிடையாது.’

பினாங்கில் ஓர் ஆய்வகத்தில், ஒரு பொருளால் டிஎன்ஏவுக்குக் கேடு வருகிறதா என்று பார்க்கும் இந்தச் சோதனைகளை 20 வருடத்துக்கு மேல் என் கையால் செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேர் பதில். அந்த ரிப்போர்ட் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது சொல்லும் விஷயம் நீங்கள் நினைப்பதைவிட மிகச் சிறியது. 900 வெள்ளி டெஸ்ட் வேண்டாம். உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்தக் கடைசி வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

டிஎன்ஏ சேதம் வேறு, மரபணுப் பிறழ்வு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பயமும் பாதி விளம்பரமும் பிழைக்கின்றன. பழைய ஏட்டுச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓலையில் ஓர் எழுத்தைக் கரையான் அரித்துவிட்டது. அது சேதம். என்ன எழுத்து இருந்தது என்று மற்ற வரிகளைப் பார்த்துச் சரி செய்துவிடலாம். ஆனால் சரி செய்வதற்கு முன்பே ஒருவர் அந்த ஓலையைப் பார்த்துப் படி எடுக்கிறார், அரித்த இடத்தில் தனக்குத் தோன்றிய எழுத்தைப் போட்டுவிடுகிறார். ‘பணம்’ இருந்த இடத்தில் ‘பிணம்’ வந்துவிட்டது. இனி அந்தப் படியில் எந்த அரிப்பும் தெரியாது, ஓலை சுத்தமாக இருக்கும். அதைப் பார்த்து எழுதும் எல்லாப் படியிலும் ‘பிணம்’தான். பதிப்பாசிரியர்கள் பாடபேதம் என்பார்களே, செல்லுக்குள் அதற்குப் பெயர் மியூட்டேஷன், அதாவது பிறழ்வு.

நம் உடம்பில் சேதம் நிற்காமல் நடக்கிறது. எந்த விஷமும் சாப்பிடாத ஆளுக்கும், உடம்புச் சூட்டாலும் தண்ணீராலும் மட்டுமே ஒரு செல்லின் டிஎன்ஏவிலிருந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10,000 எழுத்துகள் உதிர்கின்றன. அவற்றை உடனுக்குடன் சரி செய்யும் என்சைம்கள் நமக்குள் இருக்கின்றன. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் 2015இல் தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அசீஸ் சஞ்சார் மூவருக்கும் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். ஆகவே ‘டிஎன்ஏ சேதம் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் உடனே பதற வேண்டாம். அது சரி செய்யப்படுகிறதா, அல்லது பிறழ்வாக நிலைத்துவிடுகிறதா என்பதுதான் விஷயம்.

இப்போது ஏம்ஸ் டெஸ்ட். 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் புரூஸ் ஏம்ஸ் உருவாக்கியது. அவர் 2024இல்தான் காலமானார். இதில் மனித செல் எதுவும் கிடையாது. சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவின் சில விசேஷ வகைகளை வைத்துச் செய்வது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் ஜீனில் இவற்றுக்கு ஏற்கெனவே ஓர் எழுத்துப்பிழை உண்டு. அதனால் வெளியிலிருந்து ஹிஸ்டிடின் கிடைக்காவிட்டால் இவை வளராது. சோதிக்கும் பொருள் டிஎன்ஏவில் பிறழ்வை உண்டாக்கினால், பல கோடி பாக்டீரியாக்களில் சிலவற்றில் அந்தப் பழைய பிழை தற்செயலாகத் திருந்திவிடும். திருந்தியவை மட்டும் வளர்ந்து கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளாக நிற்கும். பிழை திருந்துவதை எண்ணி, பிழை உண்டாக்கும் சக்தியை அளக்கிறார்கள். இந்த யோசனையின் அழகு இன்றும் எனக்கு அலுக்கவில்லை.

செய்முறை இதுதான். 45 டிகிரிச் சூட்டில் உருகிய நிலையில் வைத்திருக்கும் கொஞ்சம் அகரில் (கடற்பாசி ஜெல்லில்) பாக்டீரியா, சோதிக்கும் சாறு, அப்புறம் எஸ்9 என்ற எலிக் கல்லீரல் சாறு மூன்றையும் சேர்ப்போம். கல்லீரல் எதற்கு என்றால், பல பொருள்கள் வாயில் போடும்போது சாதுவாக இருந்து, கல்லீரலில் உடைபட்ட பிறகுதான் டிஎன்ஏவைத் தாக்குகின்றன. பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் வரும் அஃப்லாடாக்ஸின் அப்படிப்பட்டது. பாக்டீரியாவுக்குக் கல்லீரல் இல்லையே, அதனால் நாம் கடன் கொடுக்கிறோம். கலவையைத் தட்டில் ஊற்றி, கட்டியாகிவிடுவதற்குள் சுழற்றிப் பரப்பி, கவிழ்த்து, 37 டிகிரியில் இரண்டு நாள் வைப்போம். எடுத்துப் பார்த்தால் கசகசா தூவியதுபோல் புள்ளிகள். எதுவும் சேர்க்காத தட்டிலும் கொஞ்சம் புள்ளி இருக்கும். டிஏ98 என்ற வகையில் 20 முதல் 50 வரை, டிஏ100இல் நூறைத் தாண்டியும் சாதாரணமாக வரும். அதற்கு மேல் எவ்வளவு கூடுகிறது, அளவு ஏற ஏறக் கூடிக்கொண்டே போகிறதா என்றுதான் பார்ப்போம்.

இந்த டெஸ்ட் சாதித்ததும் நிறைய. அமெரிக்காவில் குழந்தைகளின் இரவு உடை சட்டென்று தீப்பிடிக்காமலிருக்கத் தடவிய ட்ரிஸ் என்ற ரசாயனம் டிஎன்ஏவைக் கெடுக்கிறது என்று 1977இல் இதன் மூலம் வெளியே வந்தது. அதே வருடம் அப்படிப்பட்ட உடைகளுக்குத் தடை வந்தது.

ஆனால் மூலிகைச் சாறு என்று வரும்போது இந்த டெஸ்ட் ஏமாற்றும், இரண்டு பக்கமும் ஏமாற்றும். தட்டை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் புள்ளிகளுக்குப் பின்னால் லேசான பனிமூட்டம் போல் ஒரு படலம் தெரியும். அகரில் போட்டிருக்கும் துளியூண்டு ஹிஸ்டிடினை வைத்து எல்லா பாக்டீரியாவும் ஓரிரு முறை பெருகி நின்றுவிட்ட தடம் அது. நான் பழக்கிய பிள்ளைகளுக்குப் புள்ளியை எண்ணுவதற்கு முன் இந்தப் படலத்தைப் பார்க்கத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன். மூலிகைச் சாற்றில் புரதம் இருந்தால் அதிலிருந்து ஹிஸ்டிடின் கிடைத்துவிடும். படலம் தடிக்கும், புள்ளியும் கூடும். பிறழ்வே இல்லாமல் ‘பாசிட்டிவ்’ போலத் தெரியும். அதற்கு நேர்மாறாக, கிருமியைக் கொல்லும் தன்மை உள்ள மூலிகை என்றால் பாக்டீரியா செத்துப்போய்ப் படலம் மெலியும், புள்ளியும் குறையும். உடனே ‘நெகடிவ்’ என்று எழுதிவிடலாம். செத்துப்போன பாக்டீரியா எதைக் காட்டிக் கொடுக்கும்? நம் மூலிகைகளில் கிருமிநாசினி குணம் உள்ளவை ஏராளம். அதனால் படலம் எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தையும் எழுதாத நெகடிவ் ரிப்போர்ட்டை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு இந்த டெஸ்டுக்கு வைத்திருக்கும் 471ஆம் வழிகாட்டி குறைந்தது ஐந்து பாக்டீரியா வகைகளில், எஸ்9 சேர்த்தும் சேர்க்காமலும் செய்யச் சொல்கிறது. விஷத்தன்மை இல்லாத பொருள் என்றால் தட்டுக்கு 5 மில்லிகிராம் வரை போக வேண்டும். இரண்டே வகையில் செய்து ‘நெகடிவ்’ போட்டிருந்தால் அது அரைகுறை வேலை. இன்னொன்று, எதைச் சோதித்தார்கள்? பொடியைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டிய சாற்றையா, எத்தனாலில் எடுத்ததையா? உங்கள் அம்மா வடிகட்டாமல் பொடியை முழுதாக விழுங்குகிறார். வடிகட்டியில் நின்றுபோனது எதுவும் அந்தத் தட்டைப் பார்த்ததே இல்லை.

ஒழுங்காகச் செய்த டெஸ்டுக்கும் எல்லை உண்டு. ஆர்செனிக், ஆஸ்பெஸ்டாஸ், பென்சீன் மூன்றும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்பதில் சந்தேகமே இல்லை. மூன்றும் ஏம்ஸ் டெஸ்டில் பொதுவாக நெகடிவ்தான் வரும். சில பழைய மருந்துகளில் வெள்ளைப் பாஷாணம் சேர்ப்பார்கள் என்று நமக்குத் தெரியும். அதில் இருப்பது ஆர்செனிக். அந்த மருந்து ஏம்ஸ் டெஸ்டைத் தாண்டிப் போய்விடும். எதிர்ப் பக்கமும் உண்டு. வெங்காயத்தில் உள்ள குவர்செட்டின் ஏம்ஸில் பாசிட்டிவ். அதற்காக யாரும் சாம்பாரிலிருந்து வெங்காயத்தை எடுத்துவிட வேண்டியதில்லை. அதனால்தான் ஒரு புது மருந்தை அனுமதிக்கும் முன், ஏம்ஸோடு பாலூட்டியின் செல்களில் குரோமோசோம் சோதனை, உயிருள்ள விலங்கில் ஒரு சோதனை என்று சேர்த்துக் கேட்கிறார்கள்.

‘டிஎன்ஏவைப் பாதுகாக்கிறது’ என்ற வரிக்கு வருவோம். காமெட் டெஸ்டில் செல்களை மெல்லிய ஜெல்லில் பதித்து, உப்புக் கரைசலில் செல்லின் உறையைக் கரைத்து, காரக் கரைசலில் டிஎன்ஏவைப் பிரித்து, மின்சாரம் பாய்ச்சுவார்கள். அறுபட்ட இழைகள் இழுபட்டு நீளும். சாயமிட்டுப் பார்த்தால் முழு டிஎன்ஏ தலையாகவும் அறுந்தது வாலாகவும் வால்நட்சத்திரம் போலத் தெரியும். இப்போது எல்லோரும் செய்யும் காரக் கரைசல் முறை 1988இல் வந்தது. மங்கிய வெளிச்சத்தில் வேலை பார்ப்போம், ஏனென்றால் வெறும் டியூப்லைட்டே இழையை அறுத்து வாலை நீட்டிவிடும். அவ்வளவு நுட்பமான டெஸ்ட் இது. அவ்வளவு சுலபமாகக் கெட்டும் போகும்.

‘பாதுகாப்பு’ காட்டுவது வழக்கமாக இப்படித்தான்: செல்களுக்கு ஹைட்ரஜன் பெராக்ஸைடு கொடுத்து வாலை வரவழைப்பார்கள். மூலிகைச் சாற்றோடு கொடுத்தால் வால் குறைகிறது என்று படம் போடுவார்கள். அநேகமாகச் சாறு செல்லுக்கு வெளியிலேயே பெராக்ஸைடைத் தின்று தீர்த்திருக்கும். செல்லுக்குள் எதையும் காப்பாற்றியிருக்க வேண்டும் என்றில்லை. இன்னொன்றும் உண்டு. ஃபார்மலின் போன்ற சில பொருள்கள் டிஎன்ஏ இழைகளைப் புரதத்தோடும் ஒன்றோடொன்றும் ஒட்டிவிடும். ஒட்டினால் இழுபடாது, வால் குறையும். ஆனால் அது மோசமான சேதம். வால் குட்டையாவது எப்போதும் நல்ல செய்தி கிடையாது.

அளவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட சோதனைகளில் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் சாறு சேர்ப்பது சகஜம். ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அந்த அளவு வர வேண்டுமானால் அரை கிராம் கெட்டிச் சாறு முழுவதும் குடலைத் தாண்டி, கல்லீரலைத் தாண்டி, ஒரே நேரத்தில் ரத்தத்தில் இருக்க வேண்டும். ஒரு ஸ்பூன் பொடியில் அது நடக்காது.

மூலிகை என்றாலே பயப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலும் சுக்கு, திப்பிலி, மிளகு இருக்கின்றன. ஆனால் ஒரு செடியின் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. மாத்திரையில் இருக்க வேண்டிய ஒரு சீன மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி கலந்துவிட்டது. பிறகு அவர்களில் 39 பேர் புற்று வந்துவிடுமோ என்று கெட்டுப்போன சிறுநீரகங்களை எடுத்துவிடச் சம்மதித்தார்கள். எடுத்துச் சோதித்ததில் 18 பேருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்று ஏற்கெனவே வந்திருந்தது. இது வெளிவந்தது 2000இல். அந்தச் செடியில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் டிஎன்ஏவில் ஏ (A) என்ற எழுத்தை டி (T) ஆக்குகிறது. தைவானில் இப்படிப்பட்ட நோயாளிகளின் கட்டியில் உள்ள டிஎன்ஏவைப் படித்தபோது கையெழுத்து போட்டதுபோல் அதே மாற்றம் ஆயிரக்கணக்கான இடங்களில் இருந்தது. அரித்த ஓலையைப் பார்த்து எடுத்த படி என்றேனே, அந்தப் படியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கரையான் அரித்தது என்று சொல்ல முடிந்த அபூர்வமான இடம் இது.

இது எங்கேயோ நடந்தது என்று நினைக்காதீர்கள். நம் ஆடுதீண்டாப்பாளையும், ஈசுவரமூலி என்கிற பெருமருந்துக்கொடியும் அதே அரிஸ்டோலோக்கியா இனம்தான். மலேசியாவில் இந்த இனச் செடி சேர்ந்த மருந்துக்குப் பதிவு கொடுப்பதில்லை. பொடி டப்பாவில் இந்தப் பெயர்களில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையும் எடுங்கள்.

டப்பாவில் பார்க்க வேண்டிய இன்னொன்று எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கத்துக்குப் பின் டி (T) எழுத்து வரும் பதிவு எண். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையப் பக்கத்தில் அதைத் தட்டினால் பொருளின் பெயர் வர வேண்டும். வராவிட்டாலோ வேறு பெயர் வந்தாலோ அந்தப் பொடி வேண்டாம். இந்தப் பதிவுக்கு ஈயம், ஆர்செனிக் போன்ற கன உலோகங்களைப் பார்க்கிறார்கள், ஸ்டீராய்டு கலப்படத்தையும் பார்க்கிறார்கள். மூட்டுவலிப் பொடியில் நான் அதிகம் பயப்படுவது இந்த ஸ்டீராய்டுக்குத்தான். டெக்ஸாமெத்தசோன் கலந்த பொடி இரண்டே நாளில் வலியைப் போக்கும், நன்றாகப் பசிக்கும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும். ஏம்ஸ் டெஸ்டும் காமெட் டெஸ்டும் அதைத் தேடுவதே இல்லை. அம்மாவுக்கு அப்படி இருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். பல மாதம் ஸ்டீராய்டுக்குப் பழகிய உடம்பு திடீரென்று சரிந்துவிடும். டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.

900 வெள்ளி டெஸ்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரத்தத்தில் காமெட் பார்த்தால் அந்த வாரக் காய்ச்சல், புகைமூட்டம், ரத்தம் எத்தனை மணி நேரம் பெட்டியில் இருந்தது என்று எல்லாமே எண்ணை மாற்றும். இதற்கு மேல் ஆபத்து என்று ஒரு கோடு யாரும் போட்டு வைக்கவில்லை. செல்லில் உடைந்து தனியே நிற்கும் குரோமோசோம் துண்டுகளை எண்ணும் மைக்ரோநியூக்ளியஸ் என்ற டெஸ்டுக்குக் கொஞ்சம் மதிப்பு அதிகம். பத்து நாடுகளில் 6,718 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். அந்த எண்ணிக்கை கூடுதலாக இருந்த குழுவினருக்குப் பின்னாளில் புற்றுநோயும் கூடுதலாக வந்தது. ஆனால் அது குழுவுக்குப் பொருந்தும் கணக்கு. வயதானாலே அந்த எண் ஏறும், பெண்களுக்கு இன்னும் ஏறும். ‘உங்கள் அம்மாவுக்கு வரும், வராது’ என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இப்போது வெற்றிலைக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்க, எங்கள் கன்னத்தின் உட்புறச் செல்களையே சுரண்டி ஸ்லைடு போட்டோம். எங்கள் கட்டடத்தைச் சுத்தம் செய்ய வந்த ஓர் அம்மா, கெடாவில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், ‘எனக்கும் பாரும்மா’ என்றார். சாயம் போட்ட பிறகு கன்னத்துச் செல் அப்பளம் போல் தட்டையாக, பச்சையாகத் தெரியும். நடுவில் குங்குமப் பொட்டு போல நியூக்ளியஸ். செல் பிரியும்போது குரோமோசோமில் ஒரு துண்டு உடைந்து பின்தங்கினால் பக்கத்தில் திருஷ்டிப் பொட்டு போலத் தனியே ஒரு குட்டிப் பொட்டு நிற்கும். அதுதான் மைக்ரோநியூக்ளியஸ். பெரிய பொட்டில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், நிறம் ஒன்றாக இருக்க வேண்டும், அப்போதுதான் எண்ணுவோம். வெற்றிலை, புகை பழக்கமில்லாதவருக்கு ஆயிரம் செல்லில் ஒன்றோ இரண்டோ இருக்கும். என் ஸ்லைடில் முதல் 300 செல்லில் ஒன்றுகூட இல்லை. அந்த அம்மாவின் ஸ்லைடில் லென்ஸை நகர்த்தாமலே இரண்டைப் பார்த்தேன். அடிப்பகுதியில் பிரியும் செல் மேலே வந்து சேர ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். அப்படியானால் அந்தச் சில வாரத்துக்குள் அவர் வாய்க்குள் குரோமோசோம் உடைந்துகொண்டிருந்திருக்கிறது.

அவரிடம் எண்ணைச் சொல்லவில்லை. சொல்லி என்ன பயன்? வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தோம். இடது கன்னத்தில், பாக்கை ஒதுக்கி வைக்கும் இடத்தில், துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு. பல் டாக்டரிடம் கூட்டிப் போனோம், வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். புற்றாக மாறியிருக்கவில்லை. அவரைக் காப்பாற்றியது மைக்ராஸ்கோப் இல்லை, டார்ச் லைட்.

புகையிலை சேர்த்தால்தான் ஆபத்து என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கையும், கொட்டைப்பாக்கைத் தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் முதல் பிரிவில் வைத்துவிட்டது. சுண்ணாம்பின் காரத்தில் பாக்கிலிருந்து டிஎன்ஏவைத் தாக்கும் ஆக்ஸிஜன் பொருள்கள் கிளம்புகின்றன. பாக்கின் ஆல்கலாய்டுகளிலிருந்து நைட்ரோசமைன் என்ற, புற்றுநோய் தரும் பொருள்கள் உண்டாகின்றன. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம், அதிகமாக இருப்பதற்கு இந்தப் பழக்கம் முக்கியக் காரணம். பொடியில் என்ன இருக்கிறது என்பது சந்தேகம்தான். பாக்கில் சந்தேகமே இல்லை.

அம்மாவைத் திட்ட வேண்டாம். தோட்டத்தில் விடியற்காலை நாலரை மணிக்குப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போன தலைமுறைக்குப் பசியையும் குளிரையும் அடக்கியது அந்த வெற்றிலைதான். முதலில் பாக்கையும் புகையிலையையும் நிறுத்தச் சொல்லுங்கள். வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றால் சோம்பு, ஏலக்காய் மெல்லட்டும்.

நாளைக் காலை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, பல் செட் இருந்தால் கழற்றிவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு கன்னம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில், ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவில். துடைத்தால் போகாத வெள்ளை, வெல்வெட் போன்ற சிவப்பு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், கை வைத்தால் கட்டியாகத் தட்டுப்படும் இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அம்மாவின் மூன்று விரல்களைச் சேர்த்து நெடுக்காக வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றாலோ, காரம் பட்டாலே எரிகிறது என்று சொன்னாலோ, கன்னத்தின் உட்புறம் இறுகிக்கொண்டிருக்கலாம். எதுவும் தெரியாவிட்டாலும் இத்தனை வருடம் வெற்றிலை போட்டவரை அரசு பல் கிளினிக்கில் ஒரு முறை காட்டிவிடுங்கள். ‘வெற்றிலை போடுபவர், வாயைப் பாருங்கள்’ என்று வாய் திறந்து சொல்லுங்கள், இல்லாவிட்டால் பல்லை மட்டும் பார்த்து அனுப்பிவிடக்கூடும். திரும்பும் வழியில் பொடி டப்பாவோடு பொது கிளினிக்குக்கும் போய், சர்க்கரையும் சிறுநீரகமும் பார்த்துவிட்டு வாருங்கள்.